நேரலையில் காட்சி மாற்றம்: அறிந்து கையாள்வோம்

 

ஜும்ஆ பயான், ரமளான் தொடர் உரை, நிக்காஹ் மஜ்லிஸ் ஆகியவற்றை நேரலையாக அனுப்பும் வழக்கம் பல ஜமாஅத்துகளில் வந்துவிட்டது. நோயாளிகள், வயது முதிர்ந்தோர், வளைகுடாவில் பணிபுரியும் பிள்ளைகள் எனப் பலருக்கும் இது ஆறுதல். அதே நேரம், உதவி பெறுவோரின் பட்டியல் இருக்கும் அலுவலக மடிக்கணினியே நேரலைக்கும் பயன்படுவதுண்டு. கை தவறி ஒரு பொத்தானை அழுத்தினால், நம்மை நம்பிச் சொல்லப்பட்ட ஒரு குடும்பத்தின் கஷ்டம் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். ஆகவே, இப்பணியில் இருக்கும் இளைஞர்கள் மென்பொருளின் போக்கை நன்கு அறிந்திருப்பதும் அமானிதத்தைப் பேணுவதில் அடங்கும்.

பெரும்பாலானோர் பயன்படுத்துவது ஓபிஎஸ் ஸ்டுடியோ. 2012-ல் முதன்முதலாக வெளியான இது கட்டணமில்லாத மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும்.

இதில் முதலில் இரண்டு சொற்களைப் புரிந்துகொள்ள வேண்டும். ‘சீன்’ என்பது ஒரு நேரத்தில் பார்ப்பவருக்குத் தெரியும் முழுக் காட்சி. ‘சோர்ஸ்’ என்பது அதற்குள் நாம் வைக்கும் கேமரா, படம், எழுத்து, மைக் போன்ற ஒவ்வொன்றும். சோர்ஸ் பட்டியலில் மேலே இருப்பதே திரையில் முன்னால் நிற்கும். கேமராவுக்குக் கீழே எழுத்தை வைத்தால் எழுத்து மறைந்துபோகும். நமக்கு நான்கு சீன்கள் போதும்: காத்திருப்பு, பயான், ஆயத்தின் தமிழாக்கம், நிறைவு அறிவிப்பு.

ஒரு சீனிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் விதமே ‘ட்ரான்சிஷன்’. ‘கட்’ என்றால் சட்டென்று மாறும். ‘ஃபேட்’ என்றால் ஒன்று மங்க மற்றொன்று தெளியும். நாம் மாற்றாதவரை இதன் நேரம் 300 மில்லி வினாடி. காத்திருப்பிலிருந்து பயானுக்குப் போக ஃபேட் பொருத்தம். உரையின் நடுவே ஒரு கேமராவிலிருந்து மற்றொன்றுக்கு மாற கட் போதும். ‘ஸ்டிங்கர்’ என்ற முறையில் ஒரு சிறு வீடியோ ஓடி முடிவதற்குள் காட்சி மாறிவிடும். விளையாட்டு ஒளிபரப்புக்கு அது அழகு, பள்ளிவாசலுக்கு அவசியமில்லை.

அடுத்து ‘ஸ்டுடியோ மோட்’. இதை இயக்கினால் திரை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் நாம் மட்டும் பார்க்கும் முன்னோட்டம். வலப்பக்கம் மக்கள் பார்ப்பது. இடப்பக்கம் சரிபார்த்து, நடுவிலுள்ள ட்ரான்சிஷன் பொத்தானை அழுத்திய பிறகே காட்சி வெளியே போகும். புதிதாகப் பழகுவோர் இது இல்லாமல் நேரலை தொடங்க வேண்டாம்.

ஆனால் இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நேரலையில் ஓடும் அதே சீனை இடப்பக்கம் திறந்து, ஒரு சோர்ஸை நகர்த்தினாலோ, கண் அடையாளத்தை அழுத்தி மறைத்தாலோ, அது உடனே வெளியே தெரியாது. எழுத்து சோர்ஸில் உள்ள வாசகத்தைத் திருத்தினால் நிலைமை வேறு: ‘டூப்ளிகேட் சோர்சஸ்’ என்ற தெரிவை இயக்காவிட்டால், நாம் தட்டச்சு செய்யச் செய்ய அது மக்கள் திரையிலும் தெரியும். எனவே அறிவிப்பு வாசகங்களை முன்கூட்டியே முடித்துவிடுவது நல்லது.

படத்தின் ஓரத்தை வெட்டவும் இரு வழிகள் உள்ளன. ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஓரத்தை இழுத்தால், அந்தச் சீனில் மட்டுமே வெட்டப்படும். கேமரா சோர்ஸின் ‘ஃபில்டர்ஸ்’ பகுதியில் ‘கிராப்’ சேர்த்தால், அதே சோர்ஸ் இருக்கும் எல்லாச் சீன்களிலும் வெட்டப்படும். பெண்கள் வரும் வாசலோ, உதவி கேட்டு வந்து அமர்ந்திருப்பவர்களோ கேமராவில் படும் இடமானால் இரண்டாவது வழியே பாதுகாப்பு. முடித்தபின் பூட்டு அடையாளத்தை அழுத்திவிட்டால் மவுஸ் பட்டு அந்தச் சோர்ஸ் நகராது.

கணினியில் உள்ளதைக் காட்ட ‘டிஸ்ப்ளே கேப்சர்’ வேண்டாம். அது முழுத் திரையையும், வந்து விழும் வாட்ஸ்அப் செய்தியையும் சேர்த்தே காட்டும். ‘விண்டோ கேப்சர்’ எடுத்தால், நாம் தேர்ந்தெடுத்த சாளரம் மட்டுமே போகும்.

ஒலியில் இன்னும் கவனம் தேவை. செட்டிங்ஸில் ஆடியோ பகுதியில் தேர்ந்தெடுத்த மைக் எல்லாச் சீன்களிலும் உயிரோடு இருக்கும். திரையில் காத்திருப்புப் படம்தானே என்று எண்ணி மைக் அருகே யாருடைய கடனைப் பற்றியோ பேசினால், அது வெளிநாடு வரை கேட்கும். பேச்சு நடக்கும் சீன்களில் மட்டும் மைக்கை ஒரு சோர்ஸாகச் சேர்த்து, செட்டிங்ஸில் உள்ளதை நீக்கிவிட்டால், காத்திருப்புக்கு மாறியதும் ஒலியும் நின்றுவிடும். இரண்டு இடத்திலும் ஒரே மைக்கை வைத்தால் குரல் இரட்டிக்கும்.

நேரலைக்கு அரை மணி நேரம் முன்பே அமருங்கள். பட்டியல், கணக்கு, வாட்ஸ்அப் அனைத்தையும் மூடுங்கள். ‘ரெக்கார்டிங்’ மட்டும் இயக்கி, எல்லாச் சீன்களையும் ஒருமுறை மாற்றி, பதிவைப் போட்டுப் பாருங்கள், கேளுங்கள். முடிந்தால் நேரலைக்கெனத் தனிக் கணினி வைத்துக்கொள்வது எல்லாவற்றிலும் மேல்.

வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாமல் கொடுக்கக் கற்ற சமுதாயம் நாம். நம் கேமராவும் அந்த ஒழுக்கத்தைப் பேணட்டும். வல்ல ரஹ்மான் நம் பணிகளை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.

– செயலாளர்