கடலைப் படித்தவருக்கே பாஸ் சிக்கும்

அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் இலையுதிர் காலம் வந்துவிட்டால், இடுப்பளவுத் தண்ணீரில் இரவெல்லாம் தூண்டிலோடு நிற்பவர்களைப் பார்க்கலாம். அவர்கள் தேடுவது ஸ்ட்ரைப்டு பாஸ். வெள்ளி உடலில் கருங்கோடுகள் ஓடும் மீன் இது. செசபீக் விரிகுடாவில் கலக்கும் ஆறுகளிலும் ஹட்சன் ஆற்றிலும் வசந்தத்தில் முட்டையிடும். கோடையில் நியூ இங்கிலாந்து வரை ஏறி, குளிருக்கு முன் தெற்கே திரும்பும். இந்தப் பயணத்தில் பெரும்பகுதி கரையை ஒட்டியே நடப்பதால், படகில்லாதவருக்கும் வாய்ப்பு உண்டு.

புதிதாக வருபவர்கள் எந்தப் போலி இரை நல்லது என்றுதான் முதலில் கேட்பார்கள். எங்கே வீசுவது என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். பகலில், கடல் நன்றாக வற்றிய நேரத்தில் கரையில் நடந்து பாருங்கள். மணல் திட்டு எங்கே, கரைக்கும் அதற்கும் இடையிலுள்ள பள்ளம் எங்கே, திட்டு எங்கே அறுந்திருக்கிறது என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். திட்டின்மேல் அலை உடையும். உடையாமல் உள்ளே வரும் இடம் ஆழம். நீர் வற்றும்போது பள்ளத்துத் தண்ணீர் அந்த அறுப்பு வழியாகத்தான் கடலுக்கு ஓடும். பொடிமீன்களும் அதோடு இழுபட்டுப் போகும். பாஸ் அங்கே ஓட்டத்தை எதிர்த்து நின்று, வருவதை விழுங்கும். ஓட்டத்துக்குக் குறுக்கே வீசி, இரையை அது போகும் போக்கில் விடுங்கள். தூரமாக வீசுவதே திறமை என்று எண்ண வேண்டாம். இருட்டில் மீன் பலமுறை காலடிப் பள்ளத்திலேயே இருக்கும்.

ஒரே ஒரு இரையோடு போகச் சொன்னால் நான் எடுப்பது பக்டெயில்தான்: ஈயத் தலையில் மான் வால் மயிர் கட்டியது. அவ்வப்போது தரையைத் தொடும் அளவுக்கு எடை போதும். மணல் விலாங்கு என்ற பொடிமீன்கள் திரியும் கரையில், இரவில், நீடில்ஃபிஷ் என்ற ஒல்லியான போலி இரை. அதை ஆட்டவே வேண்டாம். ரீலை நிதானமாக, இன்னும் நிதானமாகச் சுற்றினால் போதும். விடியலில் கேப் காட் கால்வாயில் பென்சில் பாப்பர் என்ற போலி இரை நீரைக் கலக்கும்.

கரையிலிருந்து எவ்வளவு பெரிய மீனைப் பிடிக்க முடியும்? 1982-இல் அட்லாண்டிக் சிட்டியின் கல் தடுப்பில், புயல் வீசிய இரவில், அல் மெக்ரெனால்ட்ஸ் என்பவர் போலி இரையால் பிடித்தது 78.5 பவுண்டு, அதாவது 35 கிலோவுக்கும் மேல். 2011 வரை அதுவே உலகச் சாதனை.

ஆனால் அதே காலத்தில்தான் இந்த மீன் அழிவின் விளிம்புக்குப் போனது. 1984-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதைக் காக்கச் சட்டம் இயற்றியது. 1985 முதல் மேரிலாந்து இதைப் பிடிக்கவே தடை விதித்தது. மீண்டு பெருகிய இனம் இப்போது மறுபடியும் மெலிந்திருக்கிறது. அதனால்தான் அட்லாண்டிக் கரையில் ஒருவருக்கு நாளுக்கு ஒரே மீன், அதுவும் 28 முதல் 31 அங்குலத்துக்குள் என்று 2024-இல் விதி வகுத்தார்கள். அளவும் பருவமும் மாறக்கூடியவை. போகுமுன் அந்தந்த மாநில விதியைப் பாருங்கள். விடவேண்டிய மீன் பிழைக்க, மும்முனைக் கொக்கிகளைக் கழற்றி ஒற்றைக் கொக்கி மாட்டுங்கள், அதன் முள்ளையும் நசுக்கிவிடுங்கள். பெரிய மீன்கள் பெரும்பாலும் முட்டை சுமக்கும் பெண் மீன்கள். படம் எடுக்கவென்று மணலில் புரட்டாமல், தண்ணீரிலேயே கொக்கியைக் கழற்றி விட்டுவிடுங்கள்.