உங்களுக்குத் தெரியுமா? முறுக்கில் நிற்கும் மைனர்

1948இல் வந்த மோரிஸ் மைனர் காரின் முன்பக்கத்தைக் குனிந்து பார்த்தால் சுருள் ஸ்பிரிங்கே தெரியாது. வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எஃகுத் தண்டுகளை நீளவாக்கில் படுக்க வைத்தார். சக்கரம் மேடு ஏறினால் தண்டு முறுகும். இறங்கினால் பழைய நிலைக்குத் திரும்பும். இதுதான் டார்ஷன் பார்.

இந்தத் தண்டுகளைக் கழற்றும்போதே இடது, வலது என்று குறித்துவிட வேண்டும். ஒரு திசையில் முறுகிப் பழகிய தண்டைப் பக்கம் மாற்றி மாட்டக் கூடாது.

ஆனால் எமன் வேறு இடத்தில் இருக்கிறான். சக்கரத்தைத் தாங்கும் கீழ் ட்ரன்னியன் ஒரு மரைமூட்டு. கிரீஸ் காணாவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் மூட்டு கழன்று சக்கரம் மடங்கிவிடும். புத்தம்புது பெயின்ட் அடித்த வண்டிக்கும் இதே கதிதான்! கிரீஸ் துப்பாக்கி இருந்தால் ஐந்து நிமிட வேலை.

குலுக்கலைக் குறைக்கப் பலர் டெலஸ்கோப்பிக் ஷாக் அப்சார்பர் பொருத்துகிறார்கள். பழைய ஷாக் அப்சார்பரைத் தூக்கி எறிய அவசரப்படக் கூடாது: அதன் கைதான் சஸ்பென்ஷனின் மேல்கையும்கூட. அதைக் கழற்றினால், அந்த வேலையைச் செய்ய வேறொரு கை வேண்டும்.