பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்க வேண்டிய விமானம்

அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்திருக்கும் விமான நிலையங்கள் ஏறத்தாழ 5,000. பயணிகள் விமானம் வந்துபோவது அவற்றில் 500 சொச்சம் இடங்களுக்குத்தான். மிச்ச ஊர்களில் தொழில் நடத்துபவருக்கு 800 கிலோமீட்டர் தள்ளி ஒரு வேலை என்றால், பெரிய நகரத்துக்குக் காரில் போய், விமானம் பிடித்து, இரவு தங்கி, மறுநாள்தான் வீடு திரும்ப முடிகிறது. காலையில் போய் இரவுச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாமே என்ற எண்ணத்தில்தான் பலர் பழைய சிறு ஜெட்டைத் தேட ஆரம்பிக்கிறார்கள்.

தேடுகிறவர் கண்ணில் சீக்கிரமே படுவது செஸ்னா சைட்டேஷன் மஸ்டாங். 2006-ல் சான்றிதழ் பெற்றது. 2017-ல் உற்பத்தி நின்றது. அதற்குள் 470-க்கு மேல் விற்றுவிட்டன. பிராட் அண்ட் விட்னி இன்ஜின் இரண்டு, மணிக்குச் சுமார் 630 கிலோமீட்டர் வேகம், ஒரே விமானி ஓட்டலாம் என்ற அனுமதி, நான்கு பயணிகளுக்கு இடம். ஒரு கிலோமீட்டர் ஓடுபாதை இருந்தால் பெரும்பாலும் போதும். ஆனால் எரிபொருளை முழுக்க நிரப்பிவிட்டால், விமானியோடு நான்கு பெரியவர்களையும் அவர்கள் பெட்டிகளையும் ஏற்ற எடை வரம்பு இடம் கொடுக்காது. ஆளா, தூரமா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

சந்தையில் மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். ஜெட்டுக்குப் பல் என்பது இன்ஜினுக்குள் இருக்கும் டர்பைன் தகடுகள். நுனியில் கேமரா வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டு, மெக்கானிக் ரோட்டரைக் கையால் மெல்லச் சுழற்றுவார். திரையில் தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும். விளிம்பில் நகக்கண் அளவு சிதைவு, எரிகலனின் சுவரில் முடி போன்ற ஒரு விரிசல் தெரிந்தாலும் போதும், பேரம் அந்த இடத்திலேயே நின்றுவிடக்கூடும். பளபளக்கும் பெயின்ட்டும் புதுத் தோல் இருக்கையும் இதையெல்லாம் சொல்லாது.

அடுத்தது பதிவேடுகள். ஆலையை விட்டு வந்த நாள் முதல் எங்கே பழுது பார்த்தார்கள், எந்தப் பாகத்தை மாற்றினார்கள், எப்போதாவது தரையில் உரசியதா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நடுவில் ஒரு புத்தகம் தொலைந்திருந்தால் விமானத்தின் விலையே சரியும். குறைவாகப் பறந்தது என்று பெருமையாகச் சொன்னால் மயங்க வேண்டாம். கடலோர ஊரில் ஆண்டுக்கணக்கில் சும்மா நின்ற விமானத்தில் துரு ஏறும், ரப்பர் சீல்கள் காயும். ஒழுங்காகப் பறந்து வந்த விமானத்தையே நான் நம்புவேன்.

வாங்குவதை விடக் கனமான செலவு வைத்திருப்பதில்தான். மஸ்டாங் இன்ஜினை 3,500 மணி நேரத்தில் முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். அதற்காகப் பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் பணம் கட்டிவரும் பராமரிப்புத் திட்டங்கள் உண்டு. முந்தைய உரிமையாளர் அப்படிக் கட்டிவரவில்லை என்றால், அந்தச் சுமையைக் கணக்குப் போட்டு விலையில் குறைத்தே ஆக வேண்டும். ஹேங்கர் வாடகை, காப்பீடு, காலக்கெடுப்படி வரும் சோதனைகள் ஆகியவை விமானம் பறக்காவிட்டாலும் நிற்காது. யானையைக் கட்டித் தீனி போடுவது போலத்தான். ஆண்டுக்கு நூறு மணி நேரம்கூடப் பறக்காதவர் வாடகை விமானத்தில் போவதே நல்லது.

தானே ஓட்ட நினைப்பவருக்கு இன்னொன்று. அமெரிக்காவில் எந்த ஜெட்டையும் ஓட்ட அந்த வகைக்கென்று தனித் தகுதி வேண்டும். பிறகும் ஆண்டுதோறும் சோதனை உண்டு. சிமுலேட்டர் பயிற்சியில் மிச்சம் பிடிக்கவே கூடாது. பின்னால் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் சொந்தக் குடும்பம்.

முன்பணம் கொடுப்பதற்கு முன், விமானத்தின் மேல் கடன் ஏதும் இருக்கிறதா என்று ஓக்லஹோமா சிட்டியில் உள்ள அரசுப் பதிவகத்தில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். வாங்குமுன் செய்யும் சோதனையை, அந்த விமானத்தை இதுவரை தொடாத பட்டறையிடம் கொடுங்கள். அதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அந்த விமானத்தை விட்டுவிடுங்கள்.