பறவையின் கண்ணே படத்தின் உயிர்

பறவையின் முகத்தை அருகிருந்தாற்போலத் தெளிவுறப் படம்பிடிக்க விழையும் நாம் முதற்கண் உணரவேண்டுவது, படம் முழுதும் ஒருங்கே தெளிதல் அரிது என்பதே. முழுச்சட்டக் காமிராவில் 500 மில்லிமீட்டர் லென்ஸைப் பூட்டி, எஃப் 5.6 என்னும் துவார அளவில், 5 மீட்டர் தொலைவிலுள்ள பறவையை நோக்குவோமாயின், தெளிவு நிற்கும் ஆழம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டரே. கூந்தன்குளத்திற் கூடுகட்டும் மஞ்சள்மூக்கு நாரையின் அலகோ அதனினும் பன்மடங்கு நீண்டது. அவ்வலகு நம்மை நோக்கி நீண்டிருப்பின், நுனியும் கண்ணும் ஒருங்கே தெளிதல் எங்ஙனம் கூடும்? ஆகவே கண்ணையே குறியாகக் கொள்ளல் வேண்டும். கண் தெளிந்தால் அலகுநுனி மங்கினும் படம் உயிர்பெறும்; கண் மங்கின் பிற தெளிந்தும் பயனில்லை. பறவை பக்கவாட்டில் முகந்திருப்பும் வரை காத்திருப்போமாயின், கண்ணும் அலகும் ஒரே தொலைவில் அமையும்.

நெடிய லென்ஸ் கையின் சிறு நடுக்கத்தையும் பெரிதாக்கிக் காட்டும். அதற்கு முக்காலி துணையாம். பறவையின் தலையசைவையோ முக்காலி தடுக்கமாட்டாது. அதற்கு 1/1000 வினாடி போன்ற ஷட்டர் வேகம் வேண்டும்.

இனி, அணுகுதல். கீர்ட்டன் சகோதரர் என்னும் ஆங்கிலேயர் இருவர் போலி எருதினுள் மறைந்திருந்து பறவைகளைப் படம்பிடித்தனர். எரிக் ஹாஸ்கிங் என்பார் 1937இல் ஆந்தைக் கூட்டருகே சென்று, அவ்வாந்தையின் தாக்குதலால் இடக்கண்ணை இழந்தார். நாம் கூட்டை நெருங்குங்கால் தாய்ப்பறவை அகலின், முட்டைகள் வெயிலிற் கெடும், காகங்களுக்கும் இரையாகும். ஆதலின் கூட்டினை விடுத்து, இரைதேடும் நீர்த்துறையில் மறைந்திருந்து, பறவை தானே நம்மருகு வரக் காத்திருப்போமாக.