கியர் எண்ணெய்: வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும்!

மாணவர்களே, செடெனாக் வட்டாரத்தில் செம்பனைக் குலை ஏற்றிச் செல்லும் லோரிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பலவும், பழைய புரோட்டோன் சாகா, பெரோடுவா கஞ்சில் கார்களில் பலவும் கையால் கியர் மாற்றி ஓட்டும் வாகனங்கள். அவற்றை ஓட்டுவோரிடம் கேட்டுப் பாருங்கள். “காலையில் எடுத்தவுடன் இரண்டாவது கியர் இறுக்கமாக இருக்கும், கொஞ்ச தூரம் ஓடினால் சரியாகிவிடும்” என்று சிலர் சொல்வார்கள்.

இதற்கு ஆளுக்கொரு வைத்தியம் உண்டு. “இன்னும் கெட்டியான எண்ணெய் ஊற்று” என்பார் ஒருவர். “ஜி.எல்.-4ஐவிட ஜி.எல்.-5 உயர்ந்தது, அதை ஊற்று” என்பார் மற்றொருவர். இரண்டுமே கியர்பெட்டிக்குக் கேடாக முடியலாம். ஏன் என்று அறிவியல் வழியில் பார்ப்போம்.

நொடிக்குள் நடக்கும் வேலை

ஒரு காரின் முதல் கியர் விகிதம் 3.6, இரண்டாவது கியர் விகிதம் 2.0 என்று வைத்துக்கொள்வோம். கியர்பெட்டியின் உள்ளீட்டுத் தண்டு நிமிடத்துக்கு 3,600 முறை சுழன்றால், முதல் கியரில் வெளியீட்டுத் தண்டு 1,000 முறை சுழலும். இப்போது கிளட்சை மிதித்து இரண்டாவது கியருக்கு மாற்றுகிறோம். காரின் வேகம் உடனே மாறுவதில்லை. வெளியீட்டுத் தண்டு அதே 1,000 சுற்றில்தான் இருக்கிறது. அதனோடு பொருந்த, உள்ளீட்டுத் தண்டு 3,600இலிருந்து 2,000 சுற்றுக்கு இறங்கியாக வேண்டும். அதுவும் கண்ணிமைக்கும் நேரத்தில்!

இந்த வேலையைச் செய்வது ‘சிங்க்ரோ’ வளையம். பல கார்களில் இது பித்தளையால் ஆனது. உட்புறம் கூம்பு வடிவில் இருக்கும். கியர்க் கோலைத் தள்ளும்போது இந்த வளையம் கியரின் கூம்பின்மீது அழுந்தி உராய்கிறது. சைக்கிளின் பிரேக் கட்டை சக்கரத்தைப் பிடிப்பது போலத்தான். வேகம் சமமான பிறகே பற்கள் கோத்துக்கொள்கின்றன. அமெரிக்காவின் காடிலாக் கார்களில் 1928இல் இந்த அமைப்பு அறிமுகமானது. அதற்கு முன் ஓட்டுநர்கள் கிளட்சை இருமுறை மிதித்துத் தாங்களே வேகத்தைச் சமப்படுத்த வேண்டியிருந்தது.

இங்கேதான் புதிர். பற்களுக்கு நடுவே எண்ணெய் வழுக்க வேண்டும். இல்லையேல் பற்கள் தேயும். அதே எண்ணெய் சிங்க்ரோ வளையத்தில் உராய்வுக்கு இடம்விட வேண்டும். இல்லையேல் கியர் விழாது. நல்ல கியர் எண்ணெய் என்பது இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பது.

காலையில் ஏன் இறுக்கம்?

வளையத்தின் உட்புறத்தில் நுண்ணிய வரிகள் இருக்கும். வளையம் அழுந்தியதும் எண்ணெய்ப் படலம் அந்த வரிகள் வழியே பிதுங்கி வெளியேற வேண்டும். அப்போதுதான் உலோகத்தை உலோகம் பிடிக்கும். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் மெதுவாகவே வெளியேறும். அதுவரை வளையம் வழுக்கிக்கொண்டிருக்கும். வண்டி ஓடி எண்ணெய் சூடானதும் அதன் பாகுத்தன்மை குறைகிறது, கியர் இலகுவாக விழுகிறது. அப்படியிருக்க, மேலும் கெட்டியான எண்ணெயை ஊற்றினால் என்ன ஆகும்? காலை இறுக்கம் கூடும்.

எண்ணெய்ப் புட்டியில் 75டபிள்யூ-90 என்று இருந்தால், முதல் எண் குளிரில் எண்ணெய் நடந்துகொள்ளும் விதத்தைக் குறிக்கும்; இரண்டாவது எண் 100 பாகை செல்சியசில் அதன் பாகுத்தன்மையைக் குறிக்கும். நம் நாட்டில் பனி பெய்வதில்லையே, முதல் எண் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 75டபிள்யூ-90 எண்ணெயும் 85டபிள்யூ-90 எண்ணெயும் சூட்டில் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் 40 பாகையிலேயே இரண்டாவது வகை முதல் வகையைவிடப் பொதுவாக மிகவும் கெட்டியாக இருக்கும். ஜொகூரின் காலைப் பொழுதுக்கும் இந்த வேறுபாடு பொருந்தும்.

இன்னொரு செய்தி. கியர் எண்ணெயின் 90ஐ எஞ்சின் எண்ணெயின் 40உடன் ஒப்பிட்டு, “இரு மடங்குக்கு மேல் கெட்டி” என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். 100 பாகையில் கியர் எண்ணெய் 90இன் பாகுத்தன்மை 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக், எஞ்சின் எண்ணெய் 40க்கு 12.5 முதல் 16.3. கிட்டத்தட்ட ஒரே அளவுதான்.

5 என்றால் 4ஐவிட மேலா?

ஜி.எல்.-4, ஜி.எல்.-5 என்பவை மதிப்பெண்கள் அல்ல, வேலையின் பெயர்கள். லோரிகளின் பின் அச்சில் உள்ள ‘ஹைப்பாய்டு’ பற்கள் பெரும் அழுத்தத்துடன் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குகின்றன. ஜி.எல்.-5 அத்தகைய பற்களுக்காக வந்தது. அதில் கந்தகம், பாஸ்பரஸ் கலந்த சேர்மானம் ஜி.எல்.-4இல் உள்ளதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு இருக்கும். பற்கள் உரசிச் சூடாகும் இடத்தில் கந்தகம் இரும்போடு வினைபுரிந்து மெல்லிய காப்புப் படலத்தை உருவாக்குகிறது.

ஆனால் பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். வீரியமுள்ள கந்தகம் செம்பைத் தாக்கிச் செப்பு சல்பைடாக மாற்றும். வளையம் கறுத்து அரிக்கப்படும். சேர்மானத்தின் படலம் வளையத்துக்குத் தேவையான உராய்வையும் குறைத்துவிடக்கூடும். சில கியர்பெட்டிகளுக்கு அவற்றின் தயாரிப்பாளர்களே ஜி.எல்.-5ஐயோ வேறு மெல்லிய எண்ணெயையோ பரிந்துரைக்கிறார்கள். எனவே கடைசி வார்த்தை வாகனத்தின் கையேட்டினுடையதே.

உங்கள் கப்சாய்க்கும் இதே பாடம்

கப்சாய் மோட்டார் சைக்கிளில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே எண்ணெயில் நனைகின்றன. எரிபொருளை மிச்சப்படுத்த உராய்வைக் குறைக்கும் சேர்மானம் கலந்த கார் எண்ணெயை அதில் ஊற்றினால், கிளட்ச் வழுக்கலாம். எஞ்சின் அலறும், வண்டி நகராது. அதனால்தான் இவ்வகை வண்டிகளுக்கான எண்ணெய்ப் புட்டியில் ‘ஜாசோ எம்.ஏ.’ என்ற குறியைத் தேடச் சொல்கிறார்கள்.

செய்து பாருங்கள்

இரண்டு சிறு புட்டிகளில் சமையல் செம்பனை எண்ணெயை ஊற்றி, மேலே சிறிது காற்று விட்டு மூடுங்கள். ஒன்றை வெயிலிலும் மற்றொன்றைக் குளிர்பெட்டியிலும் அரை மணி நேரம் வையுங்கள். பிறகு இரண்டையும் கவிழ்த்து, காற்றுக்குமிழி மேலே ஏற எடுக்கும் நேரத்தைக் கணக்கிடுங்கள். வெப்பநிலை பாகுத்தன்மையை எப்படி மாற்றுகிறது என்பது கண்ணெதிரே தெரியும்.

வீட்டில் எண்ணெய் மாற்றும்போது கையேட்டில் உள்ள பாகுத்தன்மை எண், ஜி.எல். எண், அளவு ஆகிய மூன்றையும் பார்த்துச் சொல்லுங்கள். சரியான எண்ணெய் ஊற்றியும் கியர் கரகரத்தால், வளையம் தேய்ந்திருக்கலாம் அல்லது கிளட்ச் முழுமையாக விலகாமல் இருக்கலாம். அதை எண்ணெய் குணப்படுத்தாது, பட்டறைக்குத்தான் போக வேண்டும். பழைய எண்ணெயையும் அங்கேயே ஒப்படைத்துவிடுங்கள். மலேசியச் சட்டப்படி கழிவு மசகு எண்ணெய் அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு. கால்வாயில் ஊற்றினால் அது ஆற்றுக்குத்தான் போகும்.