ட்வின்ஸ் குழந்தைகளுக்கு டபுள் ஸ்ட்ரோலர் வாங்கப் போறீங்களா? எடைக்கு முன்னாடி உங்க லிஃப்ட் கதவை அளந்து பாருங்க!

இரட்டைக் குழந்தைகள் நடக்க ஆரம்பிச்சதும் வீட்டில் அடுத்த சவால் தொடங்கிவிடும். ஒருவர் வலது பக்கம் ஓடினால், இன்னொருவர் இடது பக்கம். கூட இருப்பதோ அம்மா ஒருவர் மட்டும், அல்லது பாட்டி ஒருவர் மட்டும். தடுப்பூசி போட கிளினிக்குக்குப் போகணும், சாயங்காலம் பார்க்குக்குப் போகணும். இந்த நேரத்தில்தான் பலரும் ஆன்லைனில் "லைட்வெயிட் டபுள் ஸ்ட்ரோலர்" என்று தேட ஆரம்பிக்கிறார்கள்.

ஆனால் ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய வண்டி, அபார்ட்மெண்ட் லிஃப்டுக்குள்ளேயே நுழையலைன்னா? அதைத் தவிர்க்க என்ன செய்யலாம், எந்த வகையை எடுக்கலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

லைட்வெயிட் என்றால் எவ்வளவு?

ஒரு குழந்தைக்கான லேசான ஸ்ட்ரோலர் சுமார் 6, 7 கிலோ இருக்கும். இரண்டு சீட் உள்ளதில் லைட்வெயிட் என்று விற்கப்படுபவை பெரும்பாலும் 10 முதல் 14 கிலோ வரை இருக்கும். அதாவது காலி வண்டியே ஒரு 10 கிலோ அரிசிப் பைக்கு மேல்!

இதில் குழந்தைகளின் எடையையும் சேர்க்கணும். உலக சுகாதார அமைப்பின் வளர்ச்சி அட்டவணைப்படி, 2 வயது ஆண் குழந்தையின் நடுத்தர எடை 12.2 கிலோ, பெண் குழந்தைக்கு 11.5 கிலோ. இரண்டு பேரும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 24 கிலோ. 12 கிலோ வண்டியையும் சேர்த்தால் 36 கிலோ. தண்ணீர் பாட்டில், டயப்பர், மாற்றுத் துணி எல்லாம் தனிக் கணக்கு.

ஆக, வண்டியில் 2 கிலோ குறைவதால் தள்ளும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. மடித்து கையில் தூக்கும்போதுதான் அந்த 2 கிலோவின் அருமை தெரியும். தினமும் எத்தனை படி தூக்கணும் என்பதை வைத்துத்தான் எடையை முடிவு செய்யணும்.

லிஃப்டுக்குள் நுழையுமா?

டபுள் ஸ்ட்ரோலரில் முக்கியமாக இரண்டு வகை. இரண்டு சீட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது ஒன்று. ஒன்றன் பின் ஒன்றாக இருப்பது இன்னொன்று. இதை டேன்டம் என்கிறார்கள்.

பக்கத்துப் பக்கம் சீட் உள்ள வண்டிகளின் அகலம் பெரும்பாலும் 72 முதல் 80 செ.மீ. டேன்டம் அகலத்தில் குறைவு, ஆனால் நீளம் அதிகம். பல மாடல்கள் 110 செ.மீ.க்கு மேல் போகும்.

இனி லிஃப்ட் கணக்குக்கு வருவோம். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 14665 தரநிலைப்படி, 6 பேர் செல்லும் லிஃப்டின் கதவுத் திறப்பு 70 செ.மீ., உள்ளே ஆழம் 100 செ.மீ. 8 பேர் லிஃப்ட் என்றால் கதவு 80 செ.மீ., ஆழம் 110 செ.மீ.

சிக்கல் எங்கேன்னு புரியுதா? 6 பேர் லிஃப்டில் அகலமான வண்டி கதவிலேயே நின்றுவிடும். டேன்டம் கதவைத் தாண்டும், ஆனால் உள்ளே போனதும் கதவு மூடாது. 8 பேர் லிஃப்டில் 75, 76 செ.மீ. அகல வண்டி போய்விடும், நீளமான டேன்டம்தான் சிக்கும். "ஒல்லியா இருக்கே" என்று டேன்டம் வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

எல்லாக் கட்டடத்திலும் இதே அளவு இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் ஒரு இன்ச் டேப் எடுத்து லிஃப்ட் கதவு, லிஃப்டின் ஆழம், வீட்டு வாசல், கேட் பக்கத்துச் சின்ன வழி என நாலையும் அளந்து போனில் குறித்து வைங்க. அதில் மிகக் குறைந்த அளவுதான் உங்க வண்டியின் அளவைத் தீர்மானிக்கும்.

விளம்பரத்தில் "டிஸ்னி சைஸ்" என்று இருந்தால் குழம்ப வேண்டாம். அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் 2019 மே முதல் 79 செ.மீ. அகலம், 132 செ.மீ. நீளத்துக்கு மேல் உள்ள ஸ்ட்ரோலர்களுக்கு அனுமதி இல்லை. அந்த அளவுக்குள் வரும் என்பதுதான் அதற்கு அர்த்தம். உங்க லிஃப்டுக்குள் வரும் என்று அர்த்தம் இல்லை!

எது குழந்தைகளுக்கு வசதி?

பக்கத்துப் பக்கம் உட்கார்ந்தால் இருவருக்கும் வேடிக்கை பார்க்க ஒரே மாதிரி இடம் கிடைக்கும். ஒருவர் பிஸ்கட்டை இன்னொருவர் பிடுங்குவது மட்டும் நடக்கும். டேன்டமில் பின்னால் இருப்பவருக்கு முன் சீட்டின் முதுகுதான் தெரியும். "நான்தான் முன்னாடி" சண்டை தினசரி நிகழ்ச்சியாகிவிடும்.

ஃபுட்பாத் ஏறும்போதும் வித்தியாசம் இருக்கு. கைப்பிடியை அழுத்தி முன் சக்கரத்தைத் தூக்கினால்தான் வண்டி மேலே ஏறும். டேன்டமில் ஒரு குழந்தையின் முழு எடையும் முன்னால் இருப்பதால் தூக்குவது கஷ்டம்.

இரண்டு சீட்டும் தனித்தனியாகச் சாய்கிறதா என்று கட்டாயம் பாருங்க. ட்வின்ஸ் இருவரும் ஒரே நேரத்தில் தூங்குவது அபூர்வம்.

ஒரு கையால் மடிக்க முடியுமா?

ஆட்டோ வந்து நிற்கிறது. ஒரு குழந்தை இடுப்பில், இன்னொன்று கையைப் பிடித்து நிற்கிறது. வண்டியை மடிக்க மிச்சம் இருப்பது ஒரே கை. கடைக்காரர் இரண்டு கையால் மடித்துக் காட்டுவதைப் பார்த்து முடிவு செய்யாதீங்க. நீங்களே ஒரு கையால் மடித்துப் பாருங்க.

கைப்பிடியும் முக்கியம். குடைக் கம்பு மாதிரி தனித்தனி கைப்பிடி இருந்தால் ஒரு கையால் தள்ளினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். முழு நீளத்துக்கும் ஒரே கம்பி இருப்பது நல்லது.

மடித்த அளவையும் கேளுங்க. சிஎன்ஜி கார் என்றால் டிக்கியில் பாதி இடத்தை சிலிண்டரே பிடித்துக்கொள்ளும்.

பாதுகாப்பில் எதைப் பார்க்கணும்?

தோள், இடுப்பு, கால் நடுவே என ஐந்து இடத்தில் பிடிக்கும் பெல்ட் இருக்கணும். இடுப்பு பெல்ட் மட்டும் இருந்தால் 2 வயதுக் குழந்தை எழுந்து நின்றுவிடும். ஒரு மிதியில் இரு பக்கச் சக்கரமும் பூட்டும் பிரேக் இருந்தால் இன்னும் நல்லது.

மடிக்கும் மூட்டுகளில் கவனம் தேவை. 2009 நவம்பரில் அமெரிக்காவில் மெக்லாரன் நிறுவனத்தின் சுமார் 10 லட்சம் ஸ்ட்ரோலர்கள் திரும்பப் பெறப்பட்டன. வண்டியை விரிக்கும்போது மூட்டில் சிக்கி, குழந்தைகளின் விரல் நுனி துண்டானதாக 12 புகார்கள் வந்ததே காரணம். அந்தப் பட்டியலில் ட்வின் மாடல்களும் இருந்தன. எந்த பிராண்டாக இருந்தாலும், மடிக்கும்போதும் விரிக்கும்போதும் இருவரும் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கணும்.

கைப்பிடியில் கனமான பையை மாட்டினால் லேசான வண்டி பின்பக்கம் சாய்ந்துவிடும். குழந்தையை இறக்கும் நேரத்தில் இந்த ஆபத்து அதிகம். சாமான் எல்லாம் சீட்டுக்குக் கீழே உள்ள கூடையில்தான் போகணும்.

வெயிலுக்காக வண்டி முழுக்கத் துணி போர்த்துவதும் தவறு. காற்றோட்டம் நின்று உள்ளே சூடு கூடும். பெரிய மேல்கூரை, வலைத்துணி முதுகு உள்ள சீட்தான் நம்ம ஊருக்குச் சரி. எஸ்கலேட்டரில் ஸ்ட்ரோலர் கூடவே கூடாது. மெட்ரோ ஸ்டேஷனில் லிஃப்டையும், சக்கர நாற்காலிக்கான அகலமான கேட்டையும் பயன்படுத்துங்க.

எத்தனை நாள் உழைக்கும்?

சீட்டுக்கு 15 கிலோ வரை என்று பல மாடல்களில் போட்டிருக்கும். 3 வயதில் நடுத்தர எடையே 14 கிலோவைத் தொட்டுவிடும். 2 வயதில் வாங்கினால் ஒரு வருஷம்தான் கிடைக்கும். சீட்டுக்கு 22 கிலோ தாங்கும் மாடல்களும் உண்டு. ஆனால் அவை கொஞ்சம் கனமாக இருக்கலாம்.

லிஃப்டே இல்லாத வீடா?

இரண்டாவது, மூன்றாவது மாடியில் லிஃப்ட் இல்லாமல் இருப்பவர்களுக்கு டபுள் ஸ்ட்ரோலர் பெரும்பாலும் சுமைதான். 12 கிலோ வண்டியை இறக்கும் நேரத்தில் இரண்டு குழந்தைகளை யார் பார்ப்பது? இவர்களுக்கு, தேவைப்படும்போது கிளிப்பால் இணைக்கக்கூடிய இரண்டு சிங்கிள் ஸ்ட்ரோலர்கள் உதவும். பெரியவர் ஒருவரே என்றால் ஒரு சிங்கிள் ஸ்ட்ரோலர், உடலோடு கட்டிக்கொள்ளும் ஒரு கேரியர் போதும். வண்டியைக் கீழ்த்தளத்திலேயே பூட்டி வைக்க இடம் இருந்தால், டபுள் ஸ்ட்ரோலரையும் யோசிக்கலாம்.

வாங்கும் முன் ஒரு சின்ன டெஸ்ட்

வண்டி வந்ததும் சீட்டுக்கு ஒன்றாக இரண்டு 10 கிலோ அரிசிப் பையை வைத்து பெல்ட் போடுங்க. லிஃப்டில் ஏற்றி, கேட்டைத் தாண்டி, தெருமுனை வரை தள்ளிப் பாருங்க. ஒரு ஃபுட்பாத் ஏறுங்க, பிரேக் போடுங்க, பையை இறக்கி ஒரு கையால் மடிங்க. ஆன்லைனில் வாங்கினால் ரிட்டர்ன் தேதி முடிவதற்குள், டயரில் மண் படாத இடத்திலாவது இதைச் செய்துவிடணும். பழைய வண்டி வாங்குபவர்கள் மடிப்பு லாக், பிரேக், பெல்ட் கொக்கி மூன்றையும் சரிபார்க்கணும். சக்கரம் உடைந்தால் மாற்று கிடைக்குமா என்றும் கேட்டு வைப்பது நல்லது.

கடையில் லேசாகத் தெரியும் வண்டி எது என்பது முக்கியமில்லை. வீட்டில் ஒருவர் மட்டும் இருக்கும் நாளிலும், யார் உதவியும் கேட்காமல் இரண்டு பிள்ளைகளையும் வெளியே கூட்டிட்டுப் போய் பத்திரமாகத் திரும்ப முடிந்தால், அதுதான் உங்களுக்கான ஸ்ட்ரோலர்.