பிக்-அப் வண்டிக்கு எந்தக் கொக்கி? எக்ஸெல் சொல்லும் பதில்

எக்ஸெல் தொகுப்பைப் புதிதாகக் கற்றுக் கொள்பவர்கள் பெரும்பாலும் மாத வரவு செலவுக் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். பல எண்களில் எது மிகக் குறைவு என்று பார்த்து முடிவெடுக்க வேண்டிய இடங்களிலும் இது நன்றாகக் கை கொடுக்கும். அண்மையில் நான் இதைப் பயன்படுத்தியது, ஒரு டிரெய்லர் ஹிட்ச் வாங்குவதற்காக.

ஹிட்ச் என்பது வண்டியின் பின்புறம் அடிச்சட்டத்தில் போல்ட் போட்டுப் பொருத்தும் இரும்புக் கொக்கி. அதில் உள்ள சதுரத் துளைக்கு ரிசீவர் என்று பெயர். இதற்குள் ஒரு இரும்புத் தண்டைச் செருகி, அதன் முனையில் உருண்டையான பந்து ஒன்றை மாட்டுவார்கள். டிரெய்லரின் மூக்கு இந்தப் பந்தின் மேல் வந்து உட்காரும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் என் நண்பர் ஒருவர், போர்டு மேவரிக் என்னும் சிறிய பிக்-அப் வைத்திருக்கிறார். மனைவி, இரு குழந்தைகளுடன் வீடு மாற வேண்டும். சாமான்களை டிரெய்லரில் ஏற்றி நெடுஞ்சாலையில் இழுத்துச் செல்வதாகத் திட்டம். கடையில் 5,000 பவுண்டு தாங்கும் கொக்கியைக் காட்டியதும், இனிக் கவலை இல்லை என்றார். அங்கேதான் கவலைப்பட வேண்டும்.

கொக்கி 5,000 பவுண்டு தாங்கலாம். வண்டி தாங்க வேண்டுமே? மேவரிக்கின் சாதாரண இழுதிறன் 2,000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ. தொழிற்சாலையிலேயே இழுவைத் தொகுப்புடன் வாங்கினால்தான் 4,000 பவுண்டு. அந்தத் தொகுப்பில் கொக்கி மட்டும் வருவதில்லை. பெரிய ரேடியேட்டர், கியர் ஆயிலுக்குக் குளிர்விப்பான் போன்றவையும் சேர்ந்து வரும். வெளியே பெரிய கொக்கி வாங்கி மாட்டினால் இவை வந்துவிடாது.

இப்போது எக்ஸெல்லைத் திறந்து கொள்ளுங்கள். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பிலும் இதே பார்முலாக்கள் வேலை செய்யும். ஏ நெட்டு வரிசையில் பெயர்களையும் பி நெட்டு வரிசையில் எண்களையும் டைப் செய்யுங்கள். பி2-ல் வண்டியின் இழுதிறன் 2000. பி3-ல் கொக்கி 5000. பி4-ல் செருகு தண்டு 5000. பி5-ல் பந்து 3500. பி6-ல் டிரெய்லரின் உச்ச எடை 2700. இவை நண்பரின் எண்கள். உங்கள் எண்களை வண்டியின் கையேட்டிலும், ஒவ்வொரு பாகத்தின் மேல் பொறித்திருப்பதிலும் பார்த்து எழுத வேண்டும்.

பி7 செல்லில் சமக்குறி போட்டு, எம், ஐ, என் என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களை டைப் செய்து, அடைப்புக்குறிக்குள் பி2 முதல் பி6 வரை தேர்ந்தெடுத்து, என்டர் தட்டுங்கள். 2000 என்று விடை வரும். ஐந்தில் எது மிகக் குறைவோ அதுதான் உங்கள் எல்லை.

அடுத்து பி8-ல் காலி டிரெய்லரின் எடை 900, பி9-ல் சாமான்களின் எடை 1400. பி10-ல் இரண்டையும் கூட்டினால் 2300. பி11-ல் பி7-லிருந்து பி10-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். மைனஸ் 300! அதாவது 300 பவுண்டு சாமானை இறக்கியாக வேண்டும். பி2-ல் 2000-ஐ அழித்து 4000 என்று மாற்றிப் பாருங்கள். எல்லை 4000 ஆகாது. 2700 என்று வரும். இப்போது தடையாக நிற்பது டிரெய்லர். ஒரு எண்ணை மாற்றியதும் மற்றவை தாமாக மாறும் இந்த வசதிக்காகத்தான் கால்குலேட்டரை விட்டு இங்கே வந்தோம். நண்பரிடம் இழுவைத் தொகுப்பு இல்லை. எனவே மீண்டும் 2000 போட்டு, சாமானை 1100 ஆகக் குறைத்தோம்.

அடுத்தது மூக்கு எடை. டிரெய்லர் பந்தின் மேல் கீழ்நோக்கி அழுத்தும் எடை இது. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வேகத்தில் பாம்பு போல் ஆடும்; அதிகமானால் வண்டியின் பின்புறம் அமுங்கி, முன் சக்கரங்களின் பிடி குறையும். பி12-ல் பி10-ஐ 12 சதவீதத்தால் பெருக்குங்கள், 240 வரும். முதல் வகுப்புக் கொக்கிகளின் எல்லை பொதுவாக 2,000 பவுண்டும் மூக்கு எடை 200-ம்தான். இரண்டாம் வகுப்பில் 3,500-ம் 350-ம். முதல் வகுப்பை ஒதுக்க இது போதும். வண்டியின் கையேட்டிலும் மூக்கு எடைக்குத் தனி எல்லை இருக்கும். அது குறைவாக இருந்தால் அதையே கொள்ள வேண்டும். அந்த எல்லை 200 என்றால், சாமானை இன்னும் குறைக்க வேண்டியதுதான்.

பலரும் மறப்பது ஒன்று உண்டு. மூக்கு எடை வண்டி சுமக்கும் எடையிலும் சேரும். ஓட்டுநர் கதவைத் திறந்தால், ஆட்களும் சாமானும் சேர்ந்து எவ்வளவு ஏற்றலாம் என்ற ஸ்டிக்கர் இருக்கும். நண்பரின் வண்டியில் 1,400 பவுண்டு. குடும்பத்தார் 450, பின்தட்டில் சாமான் 600, மூக்கு எடை 240, பின்னால் வாங்கிப் பூட்டும் கொக்கியும் தண்டும் 50. மொத்தம் 1,340. மிச்சம் 60 பவுண்டு. இரண்டு பெட்டி புத்தகம் ஏற்றினால் தீர்ந்தது.

எக்ஸெல் பார்க்காத ஒன்றை நீங்கள்தான் பார்க்க வேண்டும்: பந்தின் விட்டம். ஒன்றே முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட பந்து ஒன்றும், 2 அங்குலப் பந்து ஒன்றும் கடையில் பக்கத்திலேயே இருக்கும். 2 அங்குல மூக்கு சிறிய பந்தின் மேலும் உட்கார்ந்துவிடும், ஆனால் பள்ளத்தில் ஒரு குதி குதித்தால் கழன்று போகலாம். டிரெய்லரின் மூக்கில் பொறித்திருக்கும் அளவே பந்துக்கும் வேண்டும். ரிசீவர் துளையின் 2 அங்குலம் வேறு கணக்கு. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

நண்பர் கடைசியில் 2 அங்குலத் துளையுள்ள மூன்றாம் வகுப்புக் கொக்கியையே வாங்கினார். கொக்கி பெரிதாக இருப்பதில் தவறில்லை. பி2-ல் மட்டும் 2000 அப்படியே இருக்கிறது. மீதிச் சாமான்கள் இரண்டாவது நடையில் போயின.